ஜனவரியில் ஓடிக்கொண்டிருப்பவர்

பனியில் ரயிலைப் படம் எடுக்கப் போகிறவன் தனியாகப் போகவேண்டும். மனைவி, மக்கள், அக்கா, அக்காவின் மகள், அவளைக் கட்டப்போகும் மாப்பிள்ளை என்று எவரையும் காரில் ஏற்றக்கூடாது. ரயில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்து போய்விடும். உறவினர் அப்படிக் கடந்து போகிறவர்கள் அல்லர்.

இந்த உண்மை எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் ஏற்றினேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதில் உள்ளவர்களை இடமிருந்து வலமாக எண்ணும் வியாதி அங்கே பிடித்தது. ஜேர்மனிக்கு வந்து எசன் நகரில் குடியேறிய பிறகு மூக்குக்கண்ணாடி வில்லைகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கீறலைத் தேடும் வேலை. அப்படிப்பட்டவன் ஓய்வு நாளில் தூரத்தில் உள்ள எதையாவது பார்க்கத்தானே வேண்டும்? நான் ரயில் பார்த்தேன். பிறகு ரயிலைப் படம் எடுத்தேன். பிறகு, என்னைப்போலவே வேறு வேலையில்லாதவர்கள் சிலர் நடத்தும் ரயில் நண்பர் கழகம் ஒன்றில் சேர்ந்தேன். (என் மனைவி இதைப் பற்றிச் சொல்வது: "குடிகாரன் எண்டாலும் பின்னேரம் வீட்டை வருவான்.")

கழகம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்காட்டி வெளியிடும். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு ரயில். இதில் ஜனவரிப் பக்கம்தான் சிம்மாசனம். பனிமலை, ரயில், அடிவானத்தில் தாழ்ந்த சூரியன். அந்தப் பக்கம் வழக்கமாக ஹெல்முட்டுக்கே போகும். ஹெல்முட் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், எங்கள் கழகத்தின் தலைவர். ஒரே ஓர் ஆண்டு என்னுடைய படம் ஒன்றும் நாட்காட்டியில் வந்தது. பின்னட்டையில், அஞ்சல்தலை அளவில், அச்சகத்தின் முகவரிக்குக் கீழே.

அடுத்த குளிர்காலம் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சவர்லாண்ட் மலைகளில் ஒரு சின்னப் பாதை இருக்கிறது. (எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்தில் நான் இன்னும் நடமாடவேண்டியிருக்கிறது.) ஆல்ப்ஸைப் பார்த்து வளர்ந்த பவேரியாக்காரர்கள் சவர்லாண்டை மலை என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பனி விழுந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சனம் எல்லாம் சறுக்கு வண்டிலைத் தூக்கிக்கொண்டு போவது அங்கேதான். அந்தப் பாதையில் ஓடிய பழைய சிவப்புப் பெட்டிகளை மாற்றிச் சாம்பல் நிறப் பெட்டிகள் விடப்போவதாக அறிவித்திருந்தார்கள். வெள்ளைப் பனியில் சிவப்பு ரயில் என்பது அதுவே கடைசிக் குளிர்காலம். வெள்ளிக்கிழமை கனத்த பனி. ஞாயிற்றுக்கிழமை வெயில் என்று வானிலைக்காரர் சொன்னார். ஜனவரிப் பக்கம் என் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

அப்போதுதான் மனோ அக்காவின் தொலைபேசி வந்தது.

"தம்பி, ஞாயிறு என்ன செய்யிறாய்?"

"மலைக்குப் போறன் அக்கா. படம் எடுக்க."

"ரெயினையோ?"

"ஓம்."

"ஏன், ரெயினுக்குக் கலியாணமோ?"

அக்கா விடவில்லை.

"வீட்டிலை ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணம் வருது. மண்டப வாசலிலை வைக்க ஒரு படமில்லை. போன மாசம் டோட்முண்டிலை ஒரு கலியாணத்துக்குப் போனன். பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஸ்நோவுக்கை பட்டுச் சேலையோட நிக்கினம், ஆளுயரத்துக்குப் படம். எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. நானும் நிண்டனான். தாய்மாமன் ஒருத்தன் கமராவும் கையுமாத் திரியிறான், ஆனா அவனுக்கு ரெயின்தான் மருமகள் எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?"

இங்கே நான் என்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ரயில் வரும், ஜனவரிக்கு ஒரு படம். அதே ரயில் இன்னும் கொஞ்சத் தூரம் போகும். மணமக்களுக்குப் பின்னால் அது போகும்போது இன்னொரு படம். அக்காவுக்கும் ஆளுயரப் படம் கிடைத்துவிடும்.

"கூட்டிக்கொண்டு போறன், அக்கா. ஆனா நான் சொல்லுறபடி நிக்கவேணும்."

"நாங்கள் என்ன மாடே, தம்பி? சொன்னா விளங்கும்."

ஞாயிறு மதியம் நான்கு பேராகப் புறப்பட்டோம். முன்னால் நானும் அக்காவும். பின்னால் அக்காவின் மகள் தர்சிகாவும் மாப்பிள்ளை கார்த்திக்கும். தர்சிகா எசனில் பிறந்தவள், மருத்துவமனையில் தாதி. கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், மியூனிக்கில் மென்பொருள் வேலை. தர்சிகா சிவப்புப் பட்டுச் சேலைக்குள் கம்பளிக் காற்சட்டையும், கீழே பனிச் சப்பாத்தும் போட்டிருந்தாள். கார்த்திக்கின் பட்டு வேட்டிக்குள் பனிச்சறுக்குக் காற்சட்டை உப்பிக்கொண்டிருந்தது. அவர் உட்காரும்போதெல்லாம் யாரோ பிளாஸ்டிக் பையைக் கசக்குவதுபோல் சத்தம் வந்தது.

நான் நெடுஞ்சாலை முழுவதும் விதிகளைச் சொல்லிக்கொண்டே போனேன். தண்டவாளத்தின் பக்கம் போகக்கூடாது. மேலே வேலி ஓரத்தில் என் கழகத்து ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் உள்ள பனியில் ஒருவரும் கால்வைக்கக்கூடாது. மிதிபடாத பனிதான் படத்தின் பாதி. முந்தைய குளிர்காலம் ஒரு நரி குறுக்கே நடந்து போனதற்காக ஹெல்முட் மாலைவரை யாருடனும் பேசவில்லை.

"நரிக்கு அவர் என்ன செய்தவர்?" என்று அக்கா கேட்டாள்.

"அக்கா, பகிடி இல்லை. அவர் ஜேர்மன்காரர்."

"அங்கிள், நோ வொரீஸ்," என்றார் கார்த்திக். "நாங்க ஓரமா நின்னுக்கறோம். நீங்க சிக்னல் குடுத்தா போஸ் குடுத்துடறோம்."

அக்காவின் மடியில் ஒரு பை இருந்தது. பிடி நழுவும்போதெல்லாம் அதற்குள் ஏதோ உலோகம் கணீர் என்றது. மேலே ஒரு வாழைப்பழம் தெரிந்தது. பசிக்கு என்று நினைத்தேன். கீறல் தேடிச் சம்பளம் வாங்கும் என்னுடைய கண் அன்றைக்கு அவ்வளவுதான் வேலை செய்தது.

இடத்தை விளக்கிவிடுகிறேன். சரிவான புல்வெளி, முழுவதும் முழங்காலுக்கு மேல் பனி. சரிவின் உச்சியில் வேலி. அங்கே ஹெல்முட்டும் கழகத்தார் நால்வரும் கமராக்களை முக்காலிகளில் ஏற்றி வரிசையாக நின்றார்கள். சரிவின் அடியில் ரயில் பாதை. ரயில் இடது பக்கக் காட்டுக்குள்ளிருந்து வெளிப்பட்டு, புல்வெளியைக் கடந்து, வலது பக்க மூலையில் உள்ள வைக்கோல் குடிலைத் தாண்டிப் போகும். குடில் எங்கள் சட்டகத்துக்கு வெளியே. மணமக்கள் அந்தக் குடிலுக்கு முன்னால் நிற்பது, சட்டகத்தை ரயில் கடந்ததும் நான் இரண்டாவது கமராவை அவர்கள் பக்கம் திருப்புவது: இதுதான் ஏற்பாடு.

ஒரே சிக்கல், மேலே நிற்கும் எங்களுக்கு ரயில் காட்டைவிட்டு வெளியே வரும்வரை தெரியாது. கீழே குடிலடியில் நின்றால் பாதை நேர்கோடாகக் காட்டுக்குள் போவதால் வெகு தூரத்திலேயே முன்விளக்குத் தெரியும். ஆகவே அக்காவைக் குடிலின் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் நிறுத்தினேன். விளக்குத் தெரிந்ததும் அவள் கையை உயர்த்தவேண்டும். (அவளுக்கு ரயில் தெரிந்தால் ரயிலுக்கும் அவள் தெரிவாள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.) மேலேயிருந்து பார்க்க அக்கா சரியாகத் தெரியவேண்டுமே என்று, காரில் கட்டாயம் வைத்திருக்கவேண்டிய செம்மஞ்சள் பாதுகாப்பு மேலங்கியை எடுத்து, அவளுடைய குளிர்ச்சட்டைக்கு மேலே நானே போட்டுவிட்டேன். ஒட்டும் பட்டியையும் நானே ஒட்டினேன்.

"ரோட்டு வேலைக்குப் போற ஆள் மாதிரி இருக்கு," என்றாள்.

"பாதுகாப்பு, அக்கா."

"ரெயின் நிறையச் சனம் வருமோ?"

"ஞாயிற்றுக்கிழமை. பனிச்சறுக்குச் சனம். நிறைஞ்சுதான் வரும்."

"எல்லாரும் யன்னலாலை பாப்பினம், என்ன?"

"பாப்பினம்தானே."

அக்கா மகளையும் மாப்பிள்ளையையும் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப் பனியில் சிவப்புச் சேலை, பட்டு வேட்டி, நகை. அவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. குளிர்கிறது போலும் என்று எண்ணி, பனியை மிதிக்காமல் சுற்றுப்பாதை வழியாக மேலே ஏறிப் போனேன்.

சூரியன் மலை முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தான். சரிவின் அடிப்பாகத்தில் நிழல் விழுந்து நீலமாகக் கிடந்தது. பாதைக்கு மேலே பொன். ஹெல்முட் என் கமராவின் கோணத்தை எட்டிப் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்தார். அவர் அப்படி அசைத்தது எனக்கு அதுவே முதல்முறை. 'இது நல்ல இடம்' என்பது அதன் பொருள். ஜனவரிப் பக்கத்தில் என் பெயர் அச்சாகியிருப்பதை நான் பார்த்துவிட்டேன். எழுத்தின் அளவுகூடத் தெரிந்தது.

கீழே அக்கா கையை உயர்த்தினாள். விரலைப் பொத்தானில் வைத்தேன்.

உயர்ந்த கை இறங்கவில்லை. அதனுடன் மற்றக் கையும் சேர்ந்தது. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் மஞ்சள் நீர், அதில் மூன்று வாழைப்பழத் துண்டுகள், அவற்றின்மேல் எரியும் திரிகள். காற்றில் திரி நின்றுவிடக்கூடாதே என்று நடுவில் ஒரு கைப்பிடி கற்பூரம். நிழல் விழுந்த பள்ளத்தில் தீ ஒரு முழம் எழுந்து நின்றது. அக்கா மணமக்களுக்கு முன்னால் நின்று, செம்மஞ்சள் மேலங்கியுடன், ஆராத்தி எடுக்கத் தொடங்கினாள்.

ஹெல்முட் தணிந்த குரலில் கேட்டார்: "அங்கே யார் வட்டச் சைகை காட்டுவது?"

இந்த நாட்டு ரயில் பாதைகளில் ஒரு விதி இருக்கிறது. கழகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் பல வீடுகளில் தேநீர் குடிக்கும்போது பெருமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறேன். தண்டவாளத்தின் அருகே ஒருவர் கொடியோ விளக்கோ கையில் அகப்பட்ட எந்தப் பொருளோ வட்டமாகச் சுழற்றினால் முன்னால் ஆபத்து என்று பொருள். ஓட்டுநர் அந்தக் கணமே ரயிலை நிறுத்தவேண்டும். ஏன் எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகு.

ஆராத்தியை வேறு எப்படிச் சுற்றுவது? எந்தத் தமிழச்சியும் அதைச் சதுரமாகச் சுற்றியதில்லை.

காட்டுக்குள்ளிருந்து முதலில் சத்தம் வந்தது. இரும்பு இரும்பைக் கடிக்கும் நீண்ட சத்தம். பிறகு சிவப்பு முகப்பு வெளியே வந்தது. பனித்தூள் இருபக்கமும் பறக்க, மெல்ல, மெல்ல, புல்வெளியின் நடுவே வந்து, நான் பார்த்து வைத்த சட்டகத்தின் சரியான இடத்தில் ரயில் நின்றது. கடைசிச் சூரியன் பெட்டிகளின் மேல் விழுந்தது. யன்னல்கள் எல்லாம் முகங்கள்.

ஒரு ரயில் படப்பிடிப்பாளன் வாழ்நாள் முழுவதும் வேண்டினாலும் கிடைக்காத வரம் அது. பொத்தானில் விரல் இருந்தது. அழுத்தியிருக்கலாம். நான் அழுத்தவில்லை. "அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஓடும்போது கால் என் முக்காலியைத் தட்ட, கமரா முகங்குப்புறப் பனிக்குள் போனது. அதற்கும் திரும்பவில்லை. மிதிபடாத அந்தப் புனிதப் பனிக்குள், ஐந்து கமராக்களுக்கு முன்னால், நேரே குதித்தேன்.

"சுத்தாதையுங்கோ அக்கா! நிப்பாட்டுங்கோ! சுத்தாதையுங்கோ!"

பனி தொடைவரை உள்வாங்கியது. விழுந்தேன். எழும்பினேன். மறுபடி விழுந்தேன். சமநிலைக்காக இரண்டு கைகளையும் காற்றில் சுழற்றியபடி ஓடினேன் என்று பின்னர் சொன்னார்கள். ஓட்டுநருக்கு ஏதேனும் சந்தேகம் மிச்சமிருந்திருந்தால் அத்துடன் தீர்ந்திருக்கும்.

நான் பாதி வழியில் நீந்திக்கொண்டிருக்கும்போது ரயிலின் கதவு திறந்தது. சீருடை அணிந்த நடத்துநர் அம்மா ஒருவர் இறங்கினார். ஐம்பது வயது மதிக்கலாம். அகன்ற தோள், ஒரு கையில் தீயணைப்பான். எரியும் தட்டை நோக்கி விரைந்து வந்தார். அக்கா அவரைக் கண்டு முகம் மலர்ந்தாள். ஆராத்தி எடுக்க முறைப்படி இரண்டு சுமங்கலிகள் வேண்டும், தட்டின் இருபுறமும் ஒவ்வொருவர். ஒற்றை ஆளாக எடுப்பது அதுவரை அக்காவுக்கு ஒரு மனக்குறையாகவே இருந்திருக்கிறது.

"வாங்கோ, வாங்கோ. நல்ல நேரத்துக்கு வந்தியள்," என்று தமிழில் வரவேற்றாள். பிறகு ஜேர்மன் மொழியில் ஒரே ஒரு கேள்வி: "கல்யாணம் செய்தவரா?"

ஆபத்தான இடத்தில் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்காததாலோ என்னவோ, அந்த அம்மா உண்மையைச் சொன்னார். "ஆம். இரண்டாவது தடவை."

"அப்ப ரெட்டிப்புப் பலன். பிடியுங்கோ."

தட்டின் மறுபக்கம் அவர் கைக்கு வந்தது. எரியும் தட்டை ஒருவர் நீட்டினால் யாரும் பிடிக்கத்தான் பிடிப்பார்கள். அவர் தீயணைப்பானைப் பனியில் வைத்துவிட்டுப் பிடித்தார். அக்கா சுற்றினாள், தட்டுச் சுற்றியது, தட்டுடன் நடத்துநரும் சுற்றினார். மூன்று சுற்று. தர்சிகா குனிந்த தலை நிமிராமல், "அம்மா, எனக்குச் செத்துப்போகலாம் போலை கிடக்கு," என்றாளாம். கார்த்திக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நான் வரும் திசையைப் பார்த்துக் கத்தினார்.

"அங்கிள், டிரெயினே நின்னுடுச்சு! செம ஃப்ரேம் அங்கிள்! எடுங்க, எடுங்க!"

எடுப்பதற்கு என் கையில் பனி மட்டுமே இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தட்டில் இருந்த மஞ்சள் நீரைத் தொட்டு மகளுக்கும் மருமகனுக்கும் பொட்டு வைத்துவிட்டு, நடத்துநர் அம்மாவின் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன வேலை பாத்தனீங்கள்? ரெயினெல்லோ நிண்டுபோச்சு!"

"ஓமடா. மரியாதை தெரிஞ்ச சனம்."

"மரியாதையோ?"

"பின்னை? முறிகண்டியிலை நிக்காமல் போற பஸ்ஸை நீ கண்டிருக்கிறியே? நெருப்பைக் கண்டா டிரைவர்மார் நிப்பாட்டுவினம்தானே. கும்பிட்டிட்டுப் போகட்டும்."

கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கடக்கும் வாகனமெல்லாம் நின்று, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவள் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது.

"ஏன் இப்ப இதை எடுத்தனீங்கள்? இஞ்சை ஏன்?"

"ரெயின் நிறையச் சனம் பாக்கும் எண்டு நீதானே சொன்னனீ. பெட்டி பெட்டியாக் கண் வருகுது. பிள்ளையளுக்குக் கண்ணூறு படாதே? நான் சும்மா நிக்கிறதே?"

ஓட்டுநர் யன்னலைத் திறந்து தலையை நீட்டினார். இளம் பெண். முகம் பனியைவிட வெளுத்திருந்தது.

"ஆபத்து எங்கே?"

"ஆபத்து இல்லை," என்றேன். மூச்சு வாங்கியது. "இது ஆசீர்வாதம்."

"ரயிலுக்கா?"

"மணமக்களுக்கு."

"பாதையில் ஒன்றும் இல்லையா? மரம்? ஆள்?"

"ஒன்றும் இல்லை. மன்னிக்கவேண்டும். வாழைப்பழம்தான்."

அவர் உள்ளே திரும்பி, கட்டுப்பாட்டு நிலையத்துடன் பேசுவது கேட்டது. "ஆபத்து இல்லை. திருமணம்." ஒரு மௌனம். "இல்லை, ரயிலுக்குள் இல்லை. பக்கத்தில்." இன்னொரு மௌனம். "ஆம், எங்களுடைய நடத்துநரும் அதில் இருக்கிறார்."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் நடத்துநர் அம்மா விழித்தெழுந்தவர்போல் தீயணைப்பானை எடுத்துக்கொண்டார். என் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ரயிலை இப்படி நிறுத்துவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை, நெற்றியில் பொட்டுடன், மிகக் கடுமையாக எனக்கு விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அக்கா என் பின்னால் நின்று, "தம்பி, அவவைக் கேள். அப்பிடியே ரெயினுக்கும் ஒரு பொட்டு வைச்சுவிடவோ?" என்றாள்.

"அக்கா!"

"சரி, சரி. கேக்கத்தானே சொன்னனான்."

ரயில் புறப்பட்டது. யன்னல்களில் கைகள் அசைந்தன. யாரோ கைதட்டினார்கள். அக்கா பதிலுக்குத் தட்டை அசைக்கப் போனாள். நான் பாய்ந்து பிடித்தேன்.

சரிவைத் திரும்பிப் பார்த்தேன். ஹெல்முட்டின் காலடியிலிருந்து என் காலடிவரை, யானை ஒன்று உருண்டு வந்ததுபோல் ஒரு பள்ளம். நரி பரவாயில்லை. பனியில் விட்டுவந்த கமராவை எடுக்க அந்தப் பள்ளத்தின் வழியாகவே மேலே ஏறினேன். என் கமராவை யாரோ எடுத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். அதில் அன்றைய நாளின் படம் ஒன்றே ஒன்று இருந்தது: பனியின் உட்புறம்.

"ஹெல்முட், என்னை மன்னிக்கவேண்டும்," என்றேன். நரிக்குக் கிடைத்த தண்டனையை எதிர்பார்த்து நின்றேன்.

ஹெல்முட் கீழே அக்காவைப் பார்த்தபடியே கேட்டார். "அந்தத் தட்டில் எரிந்தது என்ன?"

"வாழைப்பழம்."

"அது எரியுமா?"

இதற்கு நான் பதில் சொல்வதற்குள் அக்கா சுற்றுப்பாதை வழியாக மேலே வந்துவிட்டாள். பையின் அடியில் ஆட்டிறைச்சி றோல்ஸ் இருந்திருக்கிறது, ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான அளவு. வரிசையாக நின்ற ஜேர்மன்காரர்களுக்கு அவள் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துக்கொண்டே போனாள். வேண்டாம் என்றவருக்கு மூன்று. ஒருவர் கமராவின் திரையை ஹெல்முட்டுக்குக் காட்டினார். ஹெல்முட் தன்னுடையதை அவருக்குக் காட்டினார். எனக்கு ஒருவரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கும் நிலையில் நான் இல்லை.

அடுத்த வாரம் ரயில்வே காவல்துறையிலிருந்து அழைத்தார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன்: யார், எங்கே, எதற்காக. செய்தியாளனாக என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான செய்தி நான் கொடுத்ததில்லை. மறுமுனையில் இருந்த அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். அன்று மேலே நின்ற ஐந்து பேரும் சாட்சி சொல்லியிருந்தார்கள். ஐந்து பேர் சொன்னதும் நான் சொன்னதுடன் ஒத்தே இருந்ததாம். எச்சரித்து விட்டுவிடுவதாகச் சொன்னார். கடைசியில் கேட்டார்: "இது மறுபடி நடக்குமா?"

"நடக்காது," என்றேன்.

"பிள்ளை பிறந்தா எடுக்கவேணும்," என்றாள், பக்கத்தில் இருந்த அக்கா. நல்லவேளை, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது.

இலையுதிர் காலத்தில் கழகம் நாட்காட்டிப் படங்களைத் தேர்ந்தெடுத்தது. படங்களைப் பெயரில்லாமல் சுவரில் ஒளிவீழ்த்திக் காட்டி, கையை உயர்த்தி வாக்களிப்பது வழக்கம். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கடைசி வரிசையில் போய் இருந்தேன். ஜனவரிக்கான படங்கள் வந்தன. நான்காவதோ ஐந்தாவதோ படம் சுவரில் விழுந்ததும் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. அந்தப் படத்தை நான் வசந்த காலத்திலேயே பார்த்துவிட்டேன்.

இடமிருந்து வலமாக: பொன்வெயிலில் நிற்கும் சிவப்பு ரயில். யன்னல்களில் முகங்கள். புல்வெளியின் நடுவே, ஒரு கால் பனிக்குள்ளும் ஒரு கால் காற்றிலுமாக, வாயைத் திறந்து, இரு கைகளையும் விரித்து ஓடும் தடித்த மனிதர் ஒருவர். அவருக்குப் பின்னால் அவர் தோண்டிய பள்ளம். எடுத்தவர் சட்டகத்தை விரித்ததால், நீல நிழலில் அந்த வைக்கோல் குடிலும். செம்மஞ்சள் மேலங்கி அணிந்த பெண்ணும் சீருடை அணிந்த பெண்ணும் ஒரு தட்டைப் பிடித்திருக்கிறார்கள். தட்டில் தீ. அந்தத் தீயின் வெளிச்சம் விழும் இரண்டு முகங்கள், ஒன்று சேலைக்குள் குனிந்தபடி, ஒன்று பல்லெல்லாம் தெரிய.

ஓடுபவரைத் தவிர அந்தப் படத்தில் எல்லோரும் அழகாக இருந்தார்கள்.

ஒருவர் எழுந்து, முன்புறப் பனி கெட்டிருக்கிறது என்று ஆட்சேபித்தார். "கெட்டிருக்கிறது," என்று ஹெல்முட் ஒப்புக்கொண்டார். அவர் அப்படிச் சொன்ன விதத்தில் படம் யாருடையது என்று மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. அந்த ஆண்டும் ஜனவரிப் பக்கம் ஹெல்முட்டுக்கே போனது. அதில் நானும் இருந்தேன், பின்னட்டைக்கு வெகு தூரத்தில்.

அதற்கு முன்னரே கல்யாணம் வசந்த காலத்தில் எசனில் நடந்து முடிந்திருந்தது. ஹெல்முட் தந்த படத்தைத்தான் மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு வைத்தார்கள். ஓடுபவரை வெட்டிவிடலாமே என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "அதுதான் அங்கிள் ஹைலைட்டே," என்றார் கார்த்திக். கோயம்புத்தூரிலிருந்து வந்த சம்பந்தியம்மா படத்தின் முன்னால் நின்று என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மணவறையில் ஆராத்தி எடுத்தபோது பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஸ்ஸ்ஸ்..." என்று ரயில் நிற்கும் சத்தம் போட்டார்கள். இப்போது எசனில் எந்தத் தமிழ் வீட்டில் ஆராத்தி எடுத்தாலும் அந்தச் சத்தம் உண்டு. அது என்ன சடங்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள்.

நாட்காட்டி அக்காவின் சமையலறையில் தொங்குகிறது. ஜனவரி முடிந்து மாதங்கள் போய்விட்டன. அக்கா பக்கத்தைத் திருப்பவில்லை. பல் வைத்தியரைப் பார்க்கக் குறித்த டேர்மின், கோயில் திருவிழா, பேரப்பிள்ளை பிறக்கும் என்று வைத்தியர் குறித்துத் தந்த நாள், எல்லாவற்றையும் ஜனவரிக் கட்டங்களுக்குள்ளேயே எழுதி வைக்கிறாள். மே மாதத்துச் செவ்வாய் ஜனவரியில் எந்தக் கிழமையில் விழும் என்ற குழப்பத்தில் போன வாரம் கண் வைத்தியரிடம் ஒரு நாள் பிந்திப் போய்த் திரும்பி வந்தாள்.

நேற்று நான் அதைத் திருப்பப் போனேன்.

"கையை எடு," என்றாள் அடுப்படியிலிருந்து.

"அக்கா, வைகாசியும் முடியுது. டேர்மின் எல்லாம் பிழைக்குதெல்லே?"

"பிழைச்சாப் பிழைக்கட்டும். திருப்பினா நீ நிண்டுபோவாய்," என்றாள். "பாவம், இவ்வளவு தூரம் வந்திட்டாய். ஓடு."